பாதியில் நின்ற வெளிச்சம்

போன கிழமை உங்களில் ஒருவர் பாலத்தடித் தண்ணீருக்குள் இறங்கி ஏறிவந்து, கமராவை என் கையில் தந்து, "அண்ணன், பிளாஷை ஓட்டோ மோட்டில விட்டிட்டன். அது தன்பாட்டில எல்லாம் சரியா எடுத்திரிக்கு" என்றார். பார்த்தேன். உண்மையாகவே சரியாகத்தான் எடுத்திருந்தது. நல்லது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. மனிசி என்னவென்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன். அவவிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் யுத்தம் முடிந்து கடல் திறந்த பிறகு இந்த வேலைக்கு வந்தவர்கள். இன்றைக்கு வெள்ளைக்காரர் மட்டக்களப்புக்கு வந்து, படகு பிடித்து, முழுகி, கடலடியில் கிடக்கிற கப்பலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு காற்றுச் சிலிண்டரை வீட்டிலிருந்து கரைக்குக் கொண்டுபோக ஆமிக்காரர் மறிக்கிற ஒவ்வொரு சென்றியிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். தண்ணீருக்கடியில் படம் எடுக்கிறவன் என்று சொன்னால் அதைவிடச் சந்தேகம். நான் முதலில் படப்பிடிப்பாளனே இல்லை. பட்டினத்தில் கமரா திருத்துகிறவன். கமராவுக்குப் போடும் தண்ணி புகாத கூட்டில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கப் போய், முழுகப் பழகி, கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டேன்.

ஓட்டோ பிளாஷ் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் விளங்கிக்கொண்ட விதத்தில் ஒருமுறை சொல்கிறேன். பிளாஷின் முகத்தில் மிளகளவில் ஒரு கண் இருக்கிறது. சில கமராக்களில் அது உள்ளே, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும். எங்கே இருந்தாலும் வேலை ஒன்றுதான். பிளாஷ் அடித்ததும் வெளிச்சம் போய் எதிலாவது பட்டுத் திரும்பும். திரும்பி வருகிறதை அந்தக் கண் சேர்த்துக்கொண்டே இருக்கும். படத்துக்குப் போதும் என்றானதும் பிளாஷை வெட்டிவிடும். சிலது முதலில் ஒரு சின்ன வெளிச்சத்தை விட்டுப் பார்த்து அளந்துகொள்ளும். நாம் கண் இமைத்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும்.

இதில் இருக்கிற சிக்கலை எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு மீன் ஆராய்ச்சிக்காரி. என்னைவிட இளையவர். பெயரைச் சொன்னால் கோபிப்பார், விட்டுவிடுகிறேன். பவளப்பாறைகளில் மீன் எண்ணுகிற வேலைக்கு வந்தவர், படம் எடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒருநாள் திறந்த கடலில் நின்ற சின்ன மீன்களை எடுத்தேன். எல்லாம் கடதாசி மாதிரி வெளுத்துப் போய் வந்தன. பிறகு ஒரு பெரிய பாரை மீன் பக்கவாட்டில் திரும்பியபோது எடுத்தேன். மீனின் வயிறு மட்டும் மின்னியது, மற்றதெல்லாம் கரி. பிளாஷ் பழுது என்று முடிவெடுத்து, படகிலேயே அதைக் கழற்றத் தொடங்கிவிட்டேன்.

"கழட்டாதீங்க, அதில ஒண்டும் பழுதில்ல" என்றார். "சின்ன மீனுக்குப் பின்னால வெறுங்கடல். ஒரு வெளிச்சமும் திரும்பி வரல்ல. காணாது, இன்னும் வேணும் எண்டு அது கடைசி வரைக்கும் அடிச்சிரிக்கு. பாரை கண்ணாடி மாதிரி. எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டு. போதுமெண்டு பாதியில நிப்பாட்டிட்டு. எவ்வளவு திரும்பி வந்த எண்டுதான் அதுக்குத் தெரியும். எதில பட்டு வந்த எண்டு தெரியா."

அன்று அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு போய்விட்டேன். மீன் படம் பிழைத்தால் சிரிக்கலாம்.

சுனாமி வருசம், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் வந்தது. டச்பார்க் கரையில், போர்த்துக்கேயர் வழிவந்த எங்கட பறங்கி ஆக்களின் வீடுகள் இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. என் சின்னம்மாவின் வீட்டில் படிக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அதைப்பற்றி எழுத இன்னும் என்னால் முடியாது. இரண்டு நாள் மண் தோண்டுவதும் பிரேதம் சுமப்பதுமாகப் போனது. அழுகை வரவில்லை. யாரோ என் தலையில் அடித்துவிட்டுப் போன மாதிரி, காது அடைத்தபடியே நடந்து திரிந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு அதிகாரி எனக்கு ஆள் அனுப்பினார். நாவலடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம் என்பது உங்களுக்குத் தெரியும். கடல் அந்த நிலத்துக்கு மேலால் ஏறி, வீடுகளையும் வாகனங்களையும் வாரிக்கொண்டு வாவிக்குள் கொட்டியிருந்தது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஆள் ஏற்றி ஓடுகிற ஒரு வான் அமிழ்ந்து கிடந்தது. வலைக்காரர் ஒருவரின் தோணி அதில் முட்டியதால்தான் தெரியவந்தது. உள்ளே ஆள் இருந்தால் இழுத்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்துக்கு மண் அள்ளுகிற பெக்கோ ஒன்றுதான் இருந்தது. அது கரையில் இயந்திரம் ஓடியபடி நின்றது. இன்னொரு இடத்தில் இடிந்த பள்ளிக்கூடக் கூரைக்குக் கீழே ஆள்கள் இருப்பதாகச் சொல்லி, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இரண்டு நாளாக உறங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வானுக்குச் சொந்தக்காரர் கரையில் நின்றார். குணம் என்று கூப்பிடுவார்கள். வாடகைக்கு ஹயர் ஓடுகிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வானின் ஸ்டார்ட்டர் வேலை செய்யாமல், சாமான் வாங்க ஏறாவூருக்கு மோட்டார் சைக்கிளில் போயிருந்தார். அதனால் அவர் தப்பினார். மனிசி வதனியும், ஏழு வயது மகளும், மூன்று வயது மகனும் வீட்டில். பக்கத்து வீட்டுப் பொம்பிளை ஒருத்தி அவர்களைக் கண்டிருக்கிறாள். "முதல் தண்ணி முற்றத்துக்குள்ள வரக்குள்ள புள்ளையளத் தூக்கிக்கொண்டு வானுக்க ஏறிக் கண்ணாடிய மூடினா. மறுகா நான் ஓடிட்டன். வேற ஒண்டும் எனக்குத் தெரியா" என்று என்னிடமும் சொன்னாள்.

குணம் என் கையைப் பிடித்தார். கை குளிர்ந்து கிடந்தது. "அண்ணன், பாத்துச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

கடற்படை ஆள்களும் அங்கே நின்றார்கள். மற்ற நாளில் என் சிலிண்டரைக் கண்டால் ஆயிரம் கேள்வி கேட்பவர்கள். அன்று ஒருவன் அதைத் தூக்கி என் முதுகில் வைத்துக் கட்டிவிட்டான்.

தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி மாதிரி இருந்தது. நீட்டிய கை தெரியவில்லை. தடவித் தடவித்தான் போனேன். கிடுகு, கம்பி, வலைத்துண்டு. வான் இடது பக்கம் சரிந்து, கதவுப் பக்கம் சேற்றில் புதைந்து கிடந்தது. மேலே இருந்த பக்கத்தில் கண்ணாடிகள் மூடியபடி. கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடிகள். முகத்தை வைத்து டோர்ச் அடித்தேன். என் வெளிச்சம்தான் திரும்பி என் கண்ணில் அடித்தது. கமராவைக் கண்ணாடிக்கு நேரே பிடித்து, பிளாஷை ஓட்டோவில் வைத்து, எட்டிய கண்ணாடிகள் எல்லாவற்றையும் எடுத்தேன். கை தெரியாத தண்ணீரில் வேறு எப்படித் தொடங்குவது? ஓட்டோவில் வைத்தது பிழை இல்லை.

மேலே வந்து கமராவின் திரையில் படங்களைக் காட்டினேன். நல்ல படங்கள். கண்ணாடியின் ரப்பர் ஓரம், ஸ்டிக்கரில் இருந்த கீறல், அதில் படிந்த சேறு, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு. அதிகாரி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்ல" என்றார். பெக்கோக்காரனுக்குக் கையைக் காட்டினார். "பெக்கோவை எடு, போவம்."

குணம் அப்படியே மணலில் குந்தினார். பிறகு எழும்பி ஓடிவந்து, ஈர உடுப்போடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்தார். "இல்ல அண்ணன்! இல்ல! ஆரும் தூக்கியிரிப்பாங்க. வதனி கெட்டிக்காரி. எங்கயோ முகாமில இரிப்பாள்." அவருடைய நெஞ்சு அடிப்பது என் நெஞ்சில் தட்டியது. சுற்றி நின்ற சனம் கடவுளே கடவுளே என்றது. இரண்டு நாளில் அந்தக் கரையில் யாரும் நல்ல செய்தி கேட்டிருக்கவில்லை.

நான் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி இவ்வளவு வெளிச்சமாக ஏன் இருக்கிறது? பிளாஷ் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி திருப்பி அனுப்பியது. போதும் என்று அது நின்றுவிட்டது. உள்ளே ஒரு துளி வெளிச்சமும் போகவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியின் படம். வானின் உள்பக்கத்தைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு செய்தியும் கிடையாது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். படம் பிழையென்று தெரிந்துகொள்வதற்கு அறிவு போதும். அதைச் சொல்வதற்கு வேறொன்று வேண்டும். ஒரு மனிசன் என் தோளில் சாய்ந்து சந்தோசத்தில் அழுகிறான். பெக்கோ திரும்பிவிட்டது. பள்ளிக்கூடக் கூரைக்குக் கீழே உயிரோடு யாரும் இருக்கலாம். நான் வாயைத் திறக்காமல் நின்றால் ஒருவரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

"சேர், நிப்பாட்டுங்க" என்றேன். "வான் காலி எண்டு இந்தப் படம் சொல்லல்ல. உள்ளுக்கு வெளிச்சம் போகல்ல. எனக்கு ஒண்டும் தெரியல்ல எண்டுதான் நான் சொல்லலாம்."

குணம் என்னை விட்டு விலகினார். முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "ஏன் அண்ணன்?" என்றார், மெதுவாக. பிறகு கத்தினார். "இல்ல எண்டு எல்லாரும் பாத்தாச்சே! விடுங்களன்! உங்களுக்கு என்ன வேணும்?"

அதிகாரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மோட்டார் சைக்கிள்காரனைப் பார்த்தார். கடைசியில், "ஒருக்கா இறங்கி ஏறுங்க. அதுக்கு மேல நான் நிக்கேலா" என்றார்.

இந்தமுறை பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றினேன். வயரில் தொங்கவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டேன். ஓட்டோவை நிறுத்தி, முழு வெளிச்சமும் அடிக்கிற மாதிரி வைத்தேன். முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லை. அதில் சேற்றைத் துடைத்துவிட்டு, லென்ஸை ஒட்டி வைத்தேன். மற்றக் கையை முடிந்தவரைக்கும் நீட்டி, பிளாஷின் முகத்தைப் பக்கக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தினேன். கறுப்புக் கண்ணாடியென்றாலும் ஒட்டிப் பிடித்தால் வெளிச்சத்தில் பாதியாவது உள்ளே போகும். திரும்பி லென்ஸுக்கு வராது. அடித்தேன். வானுக்குள் ஒரு மின்னல் எழுந்து அடங்கியது. இடத்தை மாற்றி இன்னும் அடித்தேன். பிறகு திரையை முகமூடிக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தேன்.

சீட்டுகள் தெரிந்தன. மிதந்துகொண்டிருந்த பிள்ளையின் செருப்பு ஒன்று தெரிந்தது. நடுச் சீட்டுக்கும் கதவுக்கும் இடையில் ஒரு முதுகு.

என் வாயிலிருந்த குழாயைக் கடித்துவிட்டேன். ஏற்கெனவே எத்தனையோ பிரேதம் தூக்கியவன் நான். ஆனாலும், இல்லை என்று ஒரு கரை முழுக்க நம்பிக்கொண்டிருக்கிற இடத்தில், கையளவு திரையில் அது தெரிந்தபோது கண்ணை எடுத்துக்கொண்டேன். பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொன்னேன். பெரிய உடம்பு. நரைத்த தலை. ஆண். பச்சை நிறத்தில் அகலமான இடுப்புப் பட்டி. இரண்டு கையும் தலைக்கு மேலே நீண்டு கதவின் விளிம்பில் கிடந்தன. இன்னும் இரண்டு மூன்று பக்கத்தால் அடித்துப் பார்த்தேன். பொம்பிளையும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இந்தமுறை இல்லை என்றால் இல்லை. வெளிச்சம் மூலை வரைக்கும் போயிருந்தது.

மேலே வந்து, முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். "ஒராள் இரிக்கார். ஆம்பிளை. வயசானவர். வதனியும் இல்ல, பிள்ளையளும் இல்ல."

குணத்தின் முகம் மலர்ந்தது. இப்போதும் அந்த முகம் எனக்குத் தெரிகிறது. "நான் சொன்னன்தானே அண்ணன்!" என்றார். "ஆரோ பாவம், தண்ணிக்குப் பயந்து ஏறியிரிப்பார். கொண்டாங்க, காட்டுங்க. அயலுக்க உள்ள ஆக்களெல்லாம் எனக்குத் தெரியும். ஆரெண்டு சொன்னா அவங்கட வீட்டுக்காவது அறிவிக்கலாம்."

முகம் தெரியாத படம் அது. ஆள் யாரென்று தெரிந்தால் நல்லதுதானே என்று கொடுத்தேன். அவர் திரையை வெயிலுக்கு மறைத்துக்கொண்டு பார்த்தார். சிரித்த வாய் மூடவில்லை. அப்படியே நின்றது.

"இந்தப் பட்டி..." என்றார். "வார் அறுந்த இடத்தில நீல நைலோன் நூலால தைச்சிரிக்கு. நான்தான் தைச்சிக் குடுத்தன்."

"அப்பா இஞ்ச இல்லையே" என்றார் என்னைப் பார்த்து. நான் ஏதோ கணக்குப் பிழைத்துச் சொன்ன மாதிரி. "அப்பா அக்கரையில, கொக்கட்டிச்சோலையில. வட்டைக்குள்ள வயலுக்குக் காவல் நிக்கார். அங்க கடல் வரல்லதானே? நான் அம்மாவையும் அவரையும் நினைச்சிப் பயப்படவே இல்லையே. அப்பா எப்பிடி இதுக்க?"

அதை எப்படிச் சொல்ல? தகப்பன் காணாமல் போனதே அவருக்குத் தெரியாது. மூன்று பேரைத் தேடிக்கொண்டிருந்த மனிசனுக்கு, தேடாத ஒருவரை நான் கொண்டுவந்து கொடுத்தேன். இல்லை என்ற சொல்லைக் கேட்டு அவர் சிரித்ததும், அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அடி விழுந்ததும் என் கண்முன்னால் நடந்தது.

பெக்கோ கம்பி கட்டி வானை இழுத்தது. கிழவரை எடுத்துக் கரையில் கிடத்தினோம். குணம் அழவில்லை. கமராவைத் திரும்பவும் வாங்கிப் பார்த்தார். "ரெண்டு கையும் கதவில இரிக்கு" என்றார். "அந்தக் கதவு இறுகிப் போய்க் கிடந்த அண்ணன். இழுத்தாலும் முழுக்கத் திறக்காது. திருத்துவம் திருத்துவம் எண்டு விட்டுட்டன். திறக்கப் போராடியிரிக்கார். வெளிய வர வழியில்லாமச் செத்திரிக்கார்." நானும் படத்தைப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

தகப்பனைக் கொக்கட்டிச்சோலைக்குத் தாயிடம் கொண்டுபோக வேண்டும். வதனியையும் பிள்ளைகளையும் தேட வேண்டும். இரண்டுக்கும் அவர் ஒருவர்தான். பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்று பட்டினத்தைப் பார்க்கிறார், வாவிக்கு மேற்கே பார்க்கிறார், நகரவில்லை.

"தம்பி, நீங்க அப்பாவைக் கொண்டு போங்க. மற்றவங்களை நான் பாக்கிறன்" என்றேன். பர்ஸில் இருந்த கலியாணப் படத்தை எடுத்துத் தந்தார். தண்ணீரில் ஊறி, பொம்பிளையின் முகம் மட்டும்தான் நிறம் மாறாமல் இருந்தது. ஒரு லொறியில் ஏற்றி அவரைத் துறைக்கு அனுப்பினோம். வாகனங்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். இக்கரையில் ஆமி, அக்கரையில் அவர்களோடு சண்டை பிடித்த இயக்கம். மற்ற நாளில் இரண்டு பக்கமும் இறங்கி ஏறிப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கிழமை, பிரேதத்தைக் கண்டதும் இரண்டு பக்கமும் விலகி நின்றன.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், கோயில்கள் என்று அலைந்தேன். மறுநாள் தன்னாமுனையில் ஒரு தேவாலய மண்டபத்தில், சுவரோரம் பாயில் இருந்தவளின் முகமும் படத்தில் இருந்த முகமும் ஒன்றாக இருந்தது. மகளுக்குக் காலில் கட்டு. மகன் மடியில் உறங்கினான்.

"வதனியா? குணம் அனுப்பின. அவர் சுகமா இரிக்கார்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஏறாவூருக்குப் போனவர் திரும்பி வரும் வழியில் கடலோடு போயிருப்பார் என்று அவள் முடிவெடுத்து மூன்று நாளாயிற்று. கொஞ்சம் ஆறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமா போய்ச் சொன்னவரா நாங்க தப்பின எண்டு?"

மாமா என்றது குணத்தின் தகப்பனைத்தான்.

"விடிய, முதல் பாதையில வந்தவர். புள்ளையளுக்குத் தயிர் கொண்டுவந்தவர், சொல்லாமக் கொள்ளாம. பின்னுக்குக் கிணத்தடியில முகம் கழுவிக்கொண்டு நிக்கக்குள்ளதான் தண்ணி வந்த. நாங்க வானுக்க ஏறிட்டம், அவரும் பின்னால ஓடிவந்து ஏறினார். ஸ்டார்ட் பண்ணிப் பாத்தார், வரல்ல. பெரிய தண்ணி வரப்போகுது, இறங்குங்க எண்டார். அந்தக் கதவு பாதிதான் திறக்கும். அதையும் தண்ணி தள்ளி மூடப் பாத்த. ரெண்டு கையாலயும் கதவப் பிடிச்சிக்கொண்டு நிண்டார். 'என்ட கைக்குக் கீழால போங்க புள்ள, போங்க புள்ள' எண்டார். முதல்ல மூத்தவள், மறுகா நான் சின்னவனோட. மதில்ல ஏறி, பக்கத்து மாடி வீட்டுக்குத் தாவினம். நீங்க போங்க, நான் பின்னால வாறன் எண்டவர். திரும்பிப் பாத்தா வானைக் காணல்ல." ஒரு மூச்சு எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அவர் நீந்துவார். வாவிக்குள்ள வளந்த மனிசன். வந்திருப்பார்தானே?"

நான் எடுத்த படத்தில் வெளிச்சம் எல்லா இடத்துக்கும் போயிருந்தது. கைகள், விரல்கள் எல்லாம் தெரிந்தன. அப்படியிருந்தும் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பிழையாகத்தான் படித்தோம். வெளியே வர வழியில்லாமல் போராடினார் என்று மகன் சொல்ல, நான் தலையாட்டி அனுப்பியிருக்கிறேன். கதவைத் திருத்தாததால் அப்பாவைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிசன் தகப்பனுக்குக் கடைசிக் கடன் செய்திருப்பான்.

வதனி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லத் தேவைப்படவில்லை.

"மாமாவை ஆர் கண்ட?" என்றாள்.

"நான்தான் புள்ள."

நீங்கள் படம் எடுக்கும்போது, வெளிச்சம் போகாத இடத்தைக் காலி என்று சொல்லாதீர்கள். இது முதல். வெளிச்சம் போன இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம். அது ஏன் அப்படி இருக்கிறது என்பதைக் கமரா சொல்லாது. அதை அங்கே இருந்தவர்களிடம் கேளுங்கள், கேட்கும் வரைக்கும் தலையாட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த தொழில் இவ்வளவுதான்.

அன்றைக்கே அவர்களைக் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். பாதையில் வாவியைக் கடந்தோம். மகள் தண்ணீரைப் பார்க்கவில்லை, தாயின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். முன்கூட்டியே ஒருவன் சைக்கிளில் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அக்கரையில் குணம் நின்றார். முதல்நாளே தகப்பனின் கடன் எல்லாம் முடிந்து, தலை மொட்டை, மீசை இல்லை, வெள்ளை வேட்டி. இறங்கியதும் சின்னவன் அவரைக் கண்டு பயந்து வீரிட்டான். தகப்பன் என்று அவனுக்குத் தெரியவில்லை. மூத்தவளும் தாய்க்குப் பின்னால் ஒதுங்கினாள். குணம் கிட்ட வரவில்லை. வரப் பயந்தவர் மாதிரி நின்ற இடத்திலேயே நின்றார்.

"அந்தக் கதவு, வதனி..." என்று தொடங்கினார்.

"மாமாதான் திறந்தவர்" என்றாள். "நாங்க போகுமட்டும் மூட விடல்ல."

அவருக்கு விளங்கவில்லை. "என்ன சொல்றாய்? எப்பிடி?"

வதனி மகனை என் கையில் தந்தாள். சொல் வராமல், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, இல்லாத ஒரு கதவைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி, உடம்பை முன்னால் சாய்த்து நின்று காட்டினாள்.

பின்னால் ஒதுங்கியிருந்த மகள் அதைக் கண்டாள். ஒருவரும் சொல்லாமலே குனிந்து, அந்தக் கைகளுக்குக் கீழால் நுழைந்து, காலில் கட்டோடு ஓடினாள். தகப்பன் மண்ணில் முழந்தாளிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார்.